குணம், குறை, தீர்ப்பு

1974ஆம் வருஷம் ஆனி மாதத்தில், செம்மேட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளியிருந்த ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு விஞ்ஞான ஆசிரியனாக நியமனம் பெற்று, இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்று எண் போட்டு வைத்திருக்கிறார்களே, அந்தக் காரவள்ளிப் பாதையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கொல்லிமலை போய்ச் சேர்ந்தபோது, என் தகரப் பெட்டியில் நாலு வேஷ்டிகளுக்கு நடுவே ஒரு திருப்புளியும், ஓர் ஈயப்பற்றுக் கோலும், கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் இருந்தன. மின்சாரமே எட்டிப் பாராத பள்ளிக்கூடத்துக்கு மின்சாரத்தில் சூடேறும் பற்றுக் கோலைச் சுமந்து வந்த என் புத்திசாலித்தனத்தைத் தலைமையாசிரியர் அன்று மாலையே சமையற்காரரிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்தச் சமையற்காரர்தான், விடுதி அடுப்பின் தணலில் அதன் செப்பு முனையைச் செருகிக் காய்ச்சி எடுத்தால் இரண்டு மூன்று பற்றுகளுக்குச் சூடு நிற்கும் என்பதைப் பிற்பாடு எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்.

நோட்டுப் புத்தகத்தின் சரித்திரம் வேறு. கைக்கு அகப்பட்ட எந்தச் சாதனமானாலும், அது என்னுடையதாயினும் பிறருடையதாயினும், அதைப் பிரித்துப் பார்த்து, பயன்படுத்திப் பார்த்து, பெயர், கிரயம், குணம், குறை, தீர்ப்பு என்று ஐந்து பத்தி பிரித்து அபிப்பிராயம் எழுதிவைக்கும் பைத்தியம் எனக்குக் கல்லூரி நாளிலேயே பிடித்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த 'கலைக்கதிர்' பத்திரிகையை வரி விடாமல் படித்து, டிரான்ஸிஸ்டரைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானிகள் மூவரின் பெயரைத் தூக்கத்திலும் சொல்லக்கூடியவனாக நான் இருந்தேன். என் தீர்ப்புகளை யாரும் கேட்டதில்லை; கேட்டு யாரும் எதையும் வாங்கியதுமில்லை. இப்போது அந்த நோட்டு ஏழாவது புத்தகமாக வளர்ந்து மேஜைமேல் கிடக்கிறது. பின்னோக்கிப் புரட்டிப் பார்க்கையில், குணம், குறை என்ற பத்திகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. தீர்ப்பு என்ற பத்திதான் வெட்கப்படும்படி இருக்கிறது.

முதல் பக்கத்தில் இருப்பது வானொலியன்று, கொல்லிப்பாவை. சங்கப் புலவர்கள் அதைத் தெய்வம் வகுத்த அழகிய உருவம் என்று பாடினார்கள். மலைவாசிகளின் வாய்மொழியிலோ அது தானே அசைந்து, தானே நகைத்து, அந்த நகைப்பில் மயங்கி நெருங்கினவர்களின் உயிரை வாங்கிவிடும் எந்திரப் பாவை. எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பவள் அவளே என்று சொல்லி என்னை அங்கே அழைத்துப் போனார்கள். திரும்பி வந்த இரவு, வாலிப விளையாட்டாக, 'கிரயம்: இல்லை. குணம்: பேட்டரிக் கட்டை போடாமலே இயங்கும். குறை: கிட்டப் போய்ச் சோதிக்க முடியாது' என்று எழுதிவிட்டு, தீர்ப்புப் பத்திக்கு வந்தபோது ஏனோ பயம் தட்டி, அதை வெற்றாக விட்டுவிட்டேன். அது இன்னும் வெற்றாகவே இருக்கிறது.

இரண்டாம் பக்கத்திலிருந்து வானொலி தொடங்குகிறது. சம்பளத்தில் பாதிக்கு மேல் கொடுத்துச் சேலத்தில் ஒரு கடையில் வாங்கிய இரண்டு பாண்டு டிரான்ஸிஸ்டர் அது. எந்தக் கடை, எந்தக் கம்பெனி என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. ஏனெனில் மலை ஏறி முடிப்பதற்குள் அதன் உள்ளே இருந்த சுருள் ஒன்று குலுங்கிக் கழன்று, முதல் நாள் இரவு அது ஊமையாகவே உட்கார்ந்திருந்தது. மறுநாள் விடுதித் தணலில் காய்ச்சிய கோலால் அதைப் பற்றவைத்து, ஆண்டுக்கு 15 ரூபாய் கட்டித் தபாலாபீஸில் வாங்கிய லைசென்ஸ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாஸ்திரோக்தமாக முறுக்கினேன். அந்த ராத்திரி என் காதில் விழுந்த துல்லியத்தை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சேலத்தில் எங்கள் தெருவில் இலங்கை வானொலியைக் கேட்பதென்றால் கரகரப்புக்கு நடுவே பாட்டைப் பொறுக்கி எடுக்க வேண்டும். இங்கேயோ அறிவிப்பாளர் மூச்சு இழுப்பது கூடக் கேட்டது.

இதற்கு மலையின் உயரந்தான் காரணம் என்று வெகு நாள் எண்ணிக்கொண்டிருந்து, பையன்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்துவிட்டேன். உண்மையான காரணம் எங்கள் பள்ளிக்கு மின்சாரம் வந்த வருஷத்தில்தான் எனக்கு விளங்கிற்று. மத்திய அலையில் வரும் ஒலிபரப்பைக் கெடுப்பது தூரமன்று. மோட்டார்களும், குழல் விளக்கின் சோக்கும், மின்கம்பிகளும் இடைவிடாமல் உமிழ்ந்துகொண்டிருக்கும் இரைச்சல்தான். அவற்றில் ஒன்றுமே இல்லாத கொல்லிமலையில், சூரியன் அஸ்தமித்துப் பகலில் அலைகளை விழுங்கிக்கொண்டிருந்த வான்மண்டல அடுக்கு கலைந்தவுடன், கொழும்பின் குரல் மேலே பட்டுத் தெறித்து ஒரு மாசும் படாமல் எங்கள் திண்ணையில் வந்து இறங்கியது. விடுதியில் முதல் குழல் விளக்கு எரிந்த அன்று, பையன்கள் எல்லாம் கைதட்டி ஆரவாரித்துக்கொண்டிருக்க, மூலையிலே என் டிரான்ஸிஸ்டர் வண்டு போல ரீங்காரமிட ஆரம்பித்தது. எனக்கு மாத்திரம் அன்று மகிழ்ச்சி பாதிதான்.

அந்தத் திண்ணை ராத்திரிகளைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல ஆசை. டிரான்ஸிஸ்டருக்குள் இருக்கும் கறுப்புத் தண்டு எந்தத் திசைக்குக் குறுக்காக நிற்கிறதோ அந்தத் திசையிலிருந்து வரும் அலையைத்தான் நன்றாக வாங்கும் என்ற தத்துவத்தை நான் பாடமாக நடத்துவதற்கு முன்னாலேயே, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைத் தன் அனுபவத்தால் கண்டுபிடித்து, பெட்டியைப் பலாமரப் பலகையொன்றின்மேல் வைத்து, இலங்கை வானொலியின் கே.எஸ். ராஜாவுக்கு இப்படி, பி.எச். அப்துல் ஹமீதுக்கும் அப்படியே, திருச்சி நிலையத்துக்குச் சற்றே அப்படி என்று கரிக்கோடு கிழித்து வைத்திருந்தான். திருச்சி நிலையத்தின் விவசாய நிகழ்ச்சியைக் கேட்க மலைவாசிப் பெரியவர்கள் தவறாமல் வருவார்கள். அறுபதுகளின் பிற்பகுதியில் அந்த நிலையம் எடுத்துச் சொல்லிப் பரப்பிய ஆடுதுறை 27 என்ற நெல்லுக்குத் தஞ்சாவூர் ஜில்லாவில் 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்த காலம் போய்ச் சில வருஷங்களே ஆகியிருந்தன. சாமையும் தினையும் கேழ்வரகும் விதைக்கிற இவர்களுக்குக் காவிரிப் பாசனத்து நாற்றங்கால் சங்கதிகள் எதற்கு என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, ஒரு பெரியவர், "அவங்க பாடு எப்படின்னு தெரிஞ்சுக்கத்தான் வாத்தியாரே" என்றார். நான் அதைக் 'குணம்' பத்தியில் சேர்ப்பதா, வேண்டாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

கட்டைகள் மாத்திரம் மலையில் தங்கத்துக்குச் சமானம். தீர்ந்துபோன பேட்டரிக் கட்டையைக் காலையில் கூரைமேல் வெயிலில் காய வைத்தால் மாலையில் அது அரைமணி நேரம் கூடப் பாடும். சூட்டில் உள்ளே இருக்கும் ரசாயனம் கொஞ்சம் சுறுசுறுப்படைவதால் நேரும் விளைவு அது. சோளக்காட்டுச் சந்தையில் மிளகு விற்ற காசில் உப்பும் புகையிலையும் வாங்கியது போக மிச்சத்துக்குக் கட்டை வாங்கி வருகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவரிடமாவது சொந்த வானொலி கிடையாது. திண்ணைப் பெட்டிக்காக முறை வைத்து வாங்கி வந்தார்கள். 'தீர்ப்பு: இதற்கு மேல் ஒரு சாதனம் மனிதனுக்கு வேண்டியதில்லை' என்று 1976இல் எழுதியிருக்கிறேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சென்னை நிலையம் 1975ஆம் வருஷம் சுதந்திர தினத்தன்று தொடங்கியதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, 'மலை ஏறாது' என்று இரண்டே சொல்லில் தீர்ப்பு எழுதினேன். அது ஏறியது. முதலில் சாலிடேரும் டயனோராவுமாக ஒன்றிரண்டு வந்தன. பிற்பாடு, 2006க்கு மேல் அரசாங்கம் இனாமாகக் கொடுத்த வண்ணப் பெட்டிகள் லாரி லாரியாக அதே வளைவுகளில் ஏறி வந்தன. அந்த அட்டைப் பெட்டிகளைப் பெண்கள் சாமை கொட்டி வைக்கப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள்.

பொதுவாக நுகர்வோர் சாதனங்களைத்தான் நான் எழுதுவது. ஆனால் 2001ஆம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில், சேந்தமங்கலம் தொகுதியைச் சேர்ந்த ஒரு மலைச் சாவடியில் எனக்கு வேலை போட்டிருந்தார்கள். அங்கே வந்த மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கண்டு மயங்கி, விதியை மீறி அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். மின்சாரம் வேண்டாம், பேட்டரியிலேயே நாள் முழுவதும் ஓடும். எழுத்துத் தெரியாதவர் சின்னத்தைப் பார்த்து அமுக்கப் பெரிய பொத்தான். அமுக்கியது பதிவாயிற்று என்பதற்கு ஒரு நீண்ட கூவல். அதை உருவாக்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அந்த வேலையில் முக்கியப் பங்கு வகித்தவர் எழுத்தாளர் சுஜாதா என்பது எனக்குக் கூடுதல் பெருமை, 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று அவர் எழுதியதைத்தானே நாங்கள் மலை மேல் பாடப்புத்தகத்துக்கு அடுத்தபடியாக வைத்திருந்தோம். தொண்ணூறு வயதிருக்கும் ஒரு பாட்டி பொத்தானை அமுக்கிவிட்டு, கூவல் நிற்கும் வரைக்கும் விரலை எடுக்காமல் நின்று, மறைப்புக்கு வெளியே வந்து, "பேசிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் நோட்டில் 'குறை: ஒன்றுமில்லை' என்றுள்ள பக்கம் அது ஒன்றே.

இனி நோக்கியா 1100. உலகச் சந்தைக்கு அது 2003இல் வந்தது. எங்கள் மலைக்கு இரண்டு வருஷம் கழித்து வந்தது. நாமக்கல்லில் லாரி ஓட்டப் போன பையன்கள் இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். அடுத்த வருஷமே, ஆயிரத்துச் சில்லறைக்குக் கிடைத்த பழைய கைபேசிகளைப் பெரியவர்களும் வாங்க ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது டவர் கிடையாது. அரை மைல் நடந்து, கிழக்குச் சரிவில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறை மேல் ஏறி நின்றால் சமவெளியிலிருந்து ஒரு கோடோ இரண்டு கோடோ கிடைக்கும். அதற்கு 'டவர் பாறை' என்று பெயரே வந்துவிட்டது. ஆகவே பேச முடியாத ஊரில் பேசும் கருவியை வாங்குகிறார்களே என்று எனக்கு எரிச்சல். அதன் நெற்றியில் இருந்த சின்ன விளக்கைப் பார்த்ததும் எரிச்சல் ஏளனமாயிற்று. 'கைபேசியில் டார்ச்சு விளக்கு வைப்பது, வீணையில் தேங்காய் துருவி வைப்பதைப் போன்றது' என்று, சொற்சாமர்த்தியத்தில் சந்தோஷப்பட்டு, தீர்ப்பு எழுதினேன்.

அந்தக் கார்த்திகையில் ஒரு மழை ராத்திரி, காய்ச்சல் கண்ட மாணவன் ஒருவனை அவன் ஊருக்குக் கொண்டுபோய்விட வேண்டியிருந்தது. கூட வந்த அவன் தகப்பனார் தன் கைபேசியின் பொத்தானை அமுக்கி, மழைக்கு மேல்துண்டால் மூடாமலே வெறுங்கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். கையில் வழுக்காத ரப்பர் மேனி. தூசும் தண்ணீரும் எளிதில் புகாதபடி ஒரே தகடாக மூடிய பொத்தான்கள். நாலைந்து நாளைக்கு ஒரு தரம் சார்ஜ் ஏற்றினால் போதும். காபிச் செடிகளுக்கு நடுவே வழுக்குப் பாதையில் அந்த ஒற்றை வெளிச்சத்தைப் பின்பற்றி இரண்டு மணி நேரம் நடந்த நான், கையிலிருந்த என் மூன்று கட்டை டார்ச்சு முதல் ஓடையிலேயே நனைந்து அணைந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த மனிதர் அந்தக் கருவியில் அன்றுவரை ஒருவரோடும் பேசியதில்லை. ஒரு சிம் கார்டு கூட அதில் இல்லை. திரும்பி வந்து பழைய தீர்ப்பை அடித்தேன்; புதிதாக ஒன்று எழுதத் தோன்றவில்லை.

அவருடைய மாமனார் ஒருவர் இருந்தார். மரவள்ளிக் கிழங்குக்குக் காட்டுப்பன்றி வராமல் பரண் மேல் காவல் இருப்பவர். மருமகன் கைபேசியைப் பரணுக்கு எடுத்துப் போய், அதில் வரும் பாம்பு விளையாட்டை விடிய விடிய ஆடுவார். நோக்கியாவில் வேலை பார்த்த தானேலி அர்மான்டோ என்ற பின்லாந்துக்காரர் 1997இல் 6110 என்ற கைபேசிக்காகச் செய்த விளையாட்டின் வம்சம் அது. இரை தின்னத் தின்ன வால் நீளும். நீண்ட தன் வாலையே ஒருநாள் கடித்து மாள வேண்டும். இரவில் பாம்பின் பேரைச் சொல்லலாகாது என்பது நம் ஜனங்களின் வழக்கமாதலால், பகலில் 'பாம்பு' என்றழைத்த அதை, விளக்கு வைத்தபின் அவரும் அவர் கூட்டாளிகளும் 'பூச்சி விளையாட்டு' என்றே சொன்னார்கள். "ராத்திரி பூச்சி எம்மாம் நீளம் போச்சு?" என்று காலையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். நான் ஆடிப் பார்த்தேன். அவருடைய எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட முடியவில்லை. கண்காட்சிக் கடைகளில் அதற்கு முன்னால் விற்ற, செங்கல் அடுக்கும் சீனத்துக் கைவிளையாட்டுப் பெட்டிகள் வல்வில் ஓரி விழாவில் வந்து, மூன்றே மாதத்தில் குப்பைக்குப் போனதை நான் அறிவேன். பூச்சி மாத்திரம் போகவில்லை.

தொழிற்செய்தி என்ற வகையிலும் அந்தக் கம்பெனி எங்கள் மலையைத் தொட்டது. 2007 ஆகஸ்டில், பிஎல்-5சி என்ற பேட்டரியில் 4 கோடியே 60 லட்சம் சூடேறக்கூடும் என்று நோக்கியா எச்சரிக்கை விட்ட செய்தி வந்ததும், ஏதோ வெடிகுண்டை இடுப்பில் செருகியிருப்பதாகப் பயந்து, இருபது முப்பது பேர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். பூதக் கண்ணாடி வைத்து ஒவ்வொரு பேட்டரியின் முதுகிலும் இருந்த நீண்ட எண்ணைக் குறித்து, டவர் பாறையிலிருந்து நாமக்கல்லில் இருந்த ஒரு சிநேகிதரிடம் படித்துக் காட்டி, கணினியில் சரிபார்த்ததில் ஒன்றுகூடப் பழுதில்லை. என் ஆயுளில் என் அபிப்பிராயத்தை ஜனங்கள் தேடி வந்து கேட்டது அந்த ஒரு வாரந்தான். 2006இல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் என்னிடம் படித்த பெண்ணொருத்தி வேலைக்குப் போனாள். 2014 நவம்பர் முதல் தேதி அந்த ஆலை நின்றபோது, முன்னதாகவே தன் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். தான் கட்டிய கைபேசிகள் எந்த எந்த நாட்டுக்குப் போயின என்று வரிசையாகச் சொல்லுவாள். அவள் ஊரிலே அப்போதும் டவர் பாதிதான். இப்போது அதே வட்டாரத்தில் ஐபோன் கட்டுகிறார்களாம். அவள் தங்கை மகள் அங்கே இருக்கிறாள்.

இவ்வளவையும் எழுதிய நான், எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. ஒருநாள் என் மனைவி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாமை மிஷின் எங்கே?" என்று கேட்டாள். சாமையின் உமி கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உரலில் குற்றிக் குற்றிப் பெண்களின் தோள்பட்டை இற்றுப்போகும். அந்தப் பாட்டுக்குப் பயந்தே பல குடும்பங்கள் சாமையை விட்டுச் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி போட ஆரம்பித்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மலைக் கிராமங்களில் சிறுதானியம் தீட்டும் சிறு இயந்திரங்களை நிறுவியபோது, அரை நாள் வேலை சில நிமிஷங்களில் முடிந்ததை நானே நின்று பார்த்திருக்கிறேன். பார்த்தும் எழுதவில்லை. அதில் திரையில்லை, பொத்தான் வரிசையில்லை, பெட்டியைப் பிரிக்கும் சுகமில்லை. ஆகவே அது என் கண்ணுக்குச் சாதனமாகவே படவில்லை. ஆண்பிள்ளையின் நோட்டு என்று அவள் சொன்னாள். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

2020இல் பள்ளிகள் மூடியபோது டவர் பாறைக்கு மறுபடியும் மவுசு வந்தது. ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு வருஷமாகியும் பழக்க தோஷத்தால் நான் தினம் அங்கே போவேன். காலையில் பாடம் கேட்கப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். மத்தியானத்தில் அதே பிள்ளைகள், அதே கைபேசியில், கண்காணாத தேசத்தாரோடு துப்பாக்கிச் சண்டை ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்தச் செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசாங்கம் 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியும் அதில் போயிற்று. பாறை மேல் சாவு வீட்டைப் போல இருந்தது. ஒரு வாரத்தில் ஃப்ரீ ஃபயர் வந்து உட்கார்ந்துகொண்டது. 2022இல் அதுவும் தடையாயிற்று. இந்த விளையாட்டுகள் கெட்டவை என்று மற்றவர்கள் சொல்லும் காரணங்கள் எனக்கு ஒப்புதலில்லை. எனக்குள்ள ஆட்சேபம் ஒன்றே: டவர் இல்லாவிட்டால் இவை ஆடா. மலைக்காரனிடம் விற்கக்கூடிய சரக்கா இது?

போன தைக்குப் பெங்களூரிலிருந்து என் பேரன் வந்தான். ஒரு லட்சத்துக்கு மேல் கிரயமுள்ள புதுக் கைபேசி கொண்டுவந்திருந்தான். என் கெஞ்சலுக்கு இரங்கி அதை ஒரு நாள் என்னிடம் விட்டுவைத்தான். நான் நோட்டைத் திறந்து உட்கார்ந்து, திரையின் தெளிவு, நிலவொளியிலும் படம் பிடிக்கும் சாமர்த்தியம், குளிரில் பேட்டரி இறங்கும் வேகம் என்று குணம் ஒரு பக்கம் நிறைய எழுதிவிட்டேன். பொழுது சாய்ந்து விளக்கு வைத்த நேரத்தில், பரண் தாத்தா பொங்கல் பலகாரம் வாங்கிப் போக வந்தார். எண்பது தாண்டியும் காவலுக்குப் போகிறவர். பேரன் அவர் கையில் அதைக் கொடுத்தான். வேஷ்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, விளக்கை எரியவிட்டு அணைத்துப் பார்த்துத் தலையசைத்து, "இதிலே பூச்சி இருக்குதா, வாத்தியாரே?" என்று கேட்டார்.

பேரன் விழித்தான். நான் விளக்கிச் சொன்னபின் தேடிப் பார்த்தான். கருவியோடு கூட வரவில்லை, வேண்டுமானால் இறக்கிக்கொள்ளலாம், ஆனால் இங்கே டவர் இல்லை என்றான். தாத்தா இரண்டு கையாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பலகாரப் பொட்டலத்தைத் துண்டில் முடிந்துகொண்டு, தம் இடுப்பிலிருந்த பழைய விளக்கைப் போட்டு இறங்கிப் போனார். அவர் வெளிச்சம் காபிச் செடிகளுக்குள் மறையும் வரைக்கும் பார்த்திருந்துவிட்டு, நான் உள்ளே வந்து, குறை என்ற பத்தியில், 'பூச்சி இல்லை' என்று எழுதினேன்.